வீட்டுக்கு ஒரு ஆள்

குற்றப்பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் அரை மணி நேரம் பேச வரச் சொன்னார்கள். மூட்டு வலியோடு மாடிப்படி ஏற என்னால் ஆகாது, எழுதித் தருகிறேன் என்றேன். அதனால் இது.

கைரேகை எடுப்பதையும் சட்டப்பிரிவுகளையும் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நான் அதற்குள் போகவில்லை. எனக்கு அலுப்பாக இருக்கிறது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணிக்காலத்தில் பாதியைத் திருடு போன வீடுகளின் வாசலில் நின்றே கழித்தவள் நான். உள்ளே இறைந்து கிடக்கும் பீரோத் துணிகள், அழுகிற பெண்கள், 'அப்பவே கேமரா வைக்கணும்னு சொன்னேன்' என்று ஒருவரையொருவர் குற்றம் சொல்லும் ஆண்கள். தென்காசியிலோ கடையத்திலோ எந்தத் தெருவுக்குப் போனாலும் அதே வீட்டுக்குத்தான் திரும்பத் திரும்பப் போவது போல இருக்கும்.

நான் சேர்ந்த புதிதில் இருந்த இன்ஸ்பெக்டர் ஒருவர், திருட்டு நடந்த வீட்டுக்குள் போகுமுன் எங்களைத் தெருவின் எதிர்ப்பக்கம் நிறுத்துவார். "கள்ளன் இங்கன நின்னுதான் பாத்திருப்பான். அவனுக்கு என்ன தெரிஞ்சிருக்கும், சொல்லுங்க" என்பார். பட்டப்பகலில் எரியும் வாசல் விளக்கு தெரியும். கேட்டில் மூன்று நாள் பால் பாக்கெட் வீங்கித் தொங்குவது தெரியும். மதிலை மூடிய செடி, அதன் பின்னால் ஒருவன் மணிக்கணக்கில் குந்தியிருக்கத் தோதான நிழல். அச்சன்புதூரில் ஒரு வீட்டுக்காரர் கதவுக்குத் தேங்காய் அளவுப் பூட்டு ஒன்று வாங்கிப் போட்டிருந்தார். தோட்டத்தில் தென்னைக்குக் குழி தோண்டிய கடப்பாரையை மட்டும் மாட்டுத் தொழுவத்தில் சாத்தி வைத்துவிட்டுப் போய்விட்டார். வந்தவன் வெறுங்கையோடு வந்து, அவர் கடப்பாரையாலேயே கதவைப் பெயர்த்துவிட்டு, அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போயிருந்தான். அந்த மனுஷனுக்கு நகை போனதைவிட அதுதான் தாங்கவில்லை.

இதையெல்லாம் நாங்கள் தெருக்கூட்டங்களில் சொல்லுவோம். விளக்கை அணையுங்கள், பாலை நிறுத்துங்கள், ஏணி கடப்பாரையை உள்ளே வையுங்கள், கல்யாண பேனரில் நேரத்தையும் மண்டபத்தையும் போட்டு ஊருக்கே அறிவிக்காதீர்கள். கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியம் என்று அழுத்தி ஒன்று சொல்லுவோம்: வீட்டில் ஒரு ஆளை விட்டுவிட்டுப் போங்கள். ஆள் இருக்கும் வீட்டுக்குக் கள்ளன் லேசில் வரமாட்டான். இதில் பொய் ஒன்றும் இல்லை. நீங்களும் இதைத்தான் சொல்லப்போகிறீர்கள். சொல்லுமுன் பேச்சியம்மாளைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்.

அது ஆனி மாதம், குற்றாலத்தில் சாரல் தொடங்கிய நேரம். மேலகரத்தில் இருந்து ஒரு அண்ணாச்சி நிலையத்துக்கு வந்தார். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் மண்டி வைத்திருப்பவர். கையில் மஞ்சள் தடவிய பத்திரிகை.

"மூத்த மகளுக்குக் கல்யாணம் மேடம். தென்காசியில மண்டபம். தெருவே அங்கதான் இருக்கும். வீட்டை ஒரு கண்ணு பாத்துக்கிடணும்."

சீசனில் எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அருவிக்கரையில் நிற்போம். வீட்டுக்கு ஆள் போட வழியில்லை என்று அவருக்கும் தெரியும். வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். வீட்டில் ஒருவரை விட்டுவிட்டுப் போங்கள் என்றதும் அவர் முகம் தெளிந்தது.

"அதுக்குக் கவலையில்ல மேடம். தங்கச்சி ஒருத்தி வீட்டோட இருக்கா. அவ இருந்துக்கிடுவா."

கல்யாணத்துக்கு முந்தின நாள் ரோந்து போகும்போது அந்த வீட்டுக்குள் நுழைந்து பார்த்தேன். பந்தல் போட்டு, வாழை கட்டி, வீடு முழுக்க ஆள். பின்கட்டில் ஒரு பெண் ஒற்றையாக உட்கார்ந்து பாத்திரங்களில் பேர் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். அதுதான் தங்கச்சி, பேச்சியம்மாள். புருஷன் கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டியவர். செங்கோட்டைக்கு மேலே மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்து போய்விட்டார். பிள்ளை இல்லை. அதிலிருந்து அண்ணன் வீடு.

முன்னால் உள்ள கிரில் கதவை உள்பக்கம் பூட்டியே வைக்கவேண்டும், யார் வந்தாலும் கிரிலுக்கு இந்தப் பக்கம் நின்றே பேசவேண்டும் என்று சொல்லி, என் நம்பரை அவள் போனில் போட்டுக் கொடுத்தேன். கிளம்பும்போது சும்மா பேச்சுக்குக் கேட்டேன்.

"நீங்க கல்யாணத்துக்குப் போகலியா?"

"வீட்டுக்கு ஒரு ஆள் வேணும்லாம்மா. நீங்கதான சொன்னியளாம்."

குறையாகச் சொல்லவில்லை. எனக்கு உதவி செய்வது போலத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் வெளியே ஜீப் ஹாரன் அடித்தது, போய்விட்டேன்.

மறுநாள் காலையில் ஐந்தருவியில் பந்தோபஸ்து. தண்ணீர் கூடிக்கொண்டே இருந்தது. ஆண்கள் பக்கத்தில் இருந்து பெண்கள் பக்கம் தாவுகிறவர்களை விரட்டி விரட்டித் தொண்டை கட்டிவிட்டது. போன் சட்டைப்பையில் அதிர்ந்தது. அருவிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காமல், கடைகளைத் தாண்டி ஓடி வந்து காதில் வைத்தேன்.

"அம்மா, நான் மேலகரம் பேச்சியம்மா பேசுதேன்." குரல் ரகசியம் பேசுவது போல இருந்தது. "கார் வந்திருக்கு. ரெண்டு பேரு நிக்காவ. அண்ணன் என்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாவளாம். தாலி கட்டுத நேரம் ஆயிட்டு, சீக்கிரம் கெளம்புங்கங்காவ."

"தெரிஞ்ச ஆளா?"

"மாப்பிள்ளை வீட்டு ஆளுவங்காவ. நெத்தியில சந்தனம், பட்டு வேட்டி. காருக்குப் பூ சுத்தியிருக்கு. வீட்டை ஒருத்தன் பாத்துக்கிடுதேங்கான். நீங்க நிம்மதியா போய்ட்டு வாங்க அக்காங்கான்."

எனக்கு முதலில் தோன்றியது, போய்விட்டு வாயேன் என்பதுதான். முந்தின நாள் சுருக்கென்றது இன்னும் உள்ளே இருந்தது. அண்ணாச்சிக்குக் கடைசி நேரத்தில் மனசு கேட்காமல் கார் அனுப்பியிருக்கலாம். நல்ல காரியம் ஒன்று நடக்கப்போகிறது, போலீஸ்காரி புகுந்து அதைக் கெடுப்பானேன்?

"அண்ணாச்சி அனுப்பியிருக்கலாம்லா?" என்றேன்.

"அனுப்ப மாட்டாவம்மா."

"எப்படிச் சொல்லுதிய?"

"எங்க வீட்ல என்னைக் கூப்பிட மாட்டாவ. எனக்குத் தெரியும்லா."

இத்தனை வருஷத்தில் எத்தனையோ தகவல் கேட்டிருக்கிறேன். இவ்வளவு உறுதியாக யாரும் சொன்னதில்லை. அதில் அழுகை இல்லை. பால்காரர் எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டால் எப்படிச் சொல்வார்களோ அப்படிச் சொன்னாள்.

"கிரிலைப் பூட்டியிருக்கியளா?"

"பூட்டியிருக்கேன்."

"திறக்காதிய. சேலை மாத்திட்டு வாரேன்னு சொல்லிட்டு உள்ள போய் மரக்கதவையும் சாத்திக்கிடுங்க."

"சேலை காலையிலேயே மாத்திட்டேம்மா. பட்டுச்சேலைதான் கெட்டியிருக்கேன். அவிய பாத்துட்டாவ."

அந்த நிமிஷத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அயர்ச்சியாக வருகிறது. காலி வீட்டில், யாரும் கூப்பிடாத கல்யாணத்துக்கு, அவள் காலையிலேயே பட்டுச்சேலை கட்டி உட்கார்ந்திருக்கிறாள்.

"அப்ப தலை சீவிட்டு வாரேன்னு சொல்லுங்க" என்றேன்.

இனி நான் என்ன செய்யவேண்டும்? இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்கவேண்டும். ஐந்தருவியில் இருந்து மேலகரம் அப்படியொன்றும் தூரமில்லை. ஆனால் அன்றைக்கு அந்த ரோடு முழுக்க வெளியூர் வேன்களும் பஸ்களும் அடைத்து நின்றன. சைரன் போட்டாலும் நகராது. நிலையத்தில் எழுத்தர் மட்டும் இருப்பார். அண்ணாச்சிக்குப் போன் போட்டேன், மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டேன். மேளச் சத்தத்தில் பட்டுச் சட்டைப்பைக்குள் கிடக்கும் போன் யாருக்குக் கேட்கும்? அவர்கள் உண்மையிலேயே மாப்பிள்ளை வீட்டு ஆட்களாக இருந்துவிட்டால் என்ற நினைப்பும் போகவில்லை. அப்படியிருந்து, நான் ஆள் திரட்டி அவர்களை அடிக்க விட்டால், அந்தப் பாவமும் பேச்சியம்மாள் தலையில்தான் விழும்.

தெருமுனையில் அந்தோணி என்பவர் பஞ்சர் கடை வைத்திருந்தார். ரோந்து போகும்போது பழக்கம். அவருக்குப் போட்டேன்.

"அந்தோணி, கல்யாண வீட்டு வாசல்ல ஒரு கார் நிக்குதா?"

"நிக்குது மேடம். பூவெல்லாம் சுத்தி."

"கடையில இருக்குதவங்களையும் கூட்டிக்கிட்டு அங்கன போய் நில்லு. சண்டை போடாத, கையை வைக்காத. சும்மா பேசு. யாரு எவருன்னு விசாரி. பொண்ணை வீட்ல எப்படிக் கூப்பிடுவாவன்னு கேளு."

அடிக்க வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னேன். பதற்றத்தில் கூட்டம் சேர்ப்பது லேசு, சேர்ந்த கூட்டத்தை நிறுத்துவது உங்களால் ஆகாது. தவிர, கார் உண்மையிலேயே அண்ணன் அனுப்பியதாக இருந்தால் இரண்டு வார்த்தைப் பேச்சில் தெரிந்துவிடும், அவளும் தாலி கட்டுவதற்குள் மண்டபம் போய்விடலாம். அந்த வழியையும் அடைக்க எனக்கு மனமில்லை.

பொறுப்பைப் பக்கத்தில் இருந்த எஸ்.ஐ.யிடம் ஒப்படைத்துவிட்டு, ஒரு கான்ஸ்டபிள் பையனின் பைக்கில் ஏறினேன். வேன்களுக்கு நடுவில் புகுந்து புகுந்து போனோம். மேலகரத்துக்கு மறுபடி போட்டேன், போன் காதிலேயே இருந்தது. பேச்சியம்மாள் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. நடுவில் ஒருமுறை, "கிரிலைத் தட்டுதான்மா" என்றாள். இன்னொரு முறை, "அக்கா அக்கான்னு நல்லவிதமாத்தான் கூப்பிடுதான்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் கதவைத் திறந்துவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அப்படிக் கூப்பிட்டு அவளுக்கு எத்தனை நாளாயிற்றோ.

வாசலில் நடந்ததை அந்தோணி பிற்பாடு சொன்னார். டயர் மாற்ற வந்திருந்த இரண்டு பேரோடு, கையில் கிரீஸைத் துடைத்துக்கொண்டே போய் நின்றிருக்கிறார். "நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" மாப்பிள்ளை வீடு என்றார்கள். மாப்பிள்ளை பேரைச் சரியாகச் சொன்னார்கள். அது தெருமுக்கு பேனரிலேயே இருக்கிறது. "பொண்ணை வீட்ல எப்படிக் கூப்பிடுவாவன்னு தெரியுமா? ஊருக்கே தெரியுமே" என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். ஒருவன் மற்றவனைப் பார்த்தான். மற்றவன் போன் வந்தது போல எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு காருக்குள் ஏறினான். அடுத்தவனும் ஏறினான். காரைப் பின்னால் எடுத்துத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். நம்பரைப் பார்க்கலாம் என்றால் மல்லிகைச் சரம் பலகையை மறைத்துத் தொங்கியது.

நான் போனபோது அவள் மரக்கதவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் கொடுத்தேன்.

"ஒரு வேளை அண்ணன் அனுப்பினதுதானோ?" என்றாள், என் முகத்தைப் பார்த்து.

இல்லை என்று தலையாட்டினேன். அவள் தண்ணீரைக் குடித்து முடித்தாள்.

முகூர்த்தம் முடிந்து அண்ணாச்சி போனைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார், கூடவே ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள். எங்கள் இன்ஸ்பெக்டரும் வந்துவிட்டார். பட்டும் சந்தனமுமாக ஹால் நிறைந்து நிற்க, இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்து விசாரித்தார்.

"மாப்பிள்ளை பேரு வரைக்கும் கரெக்டா சொல்லியிருக்கான். அப்புறம் எப்படிம்மா உங்களுக்குச் சந்தேகம் வந்தது?"

பேச்சியம்மாள் என்னைப் பார்த்தாள். எனக்குச் சொன்னதையே அவருக்கும் சொன்னாள், அதே குரலில்.

"என்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாவன்னு சொன்னான் சார். அது நடக்காதுலா. அதான்."

யாரோ ஒருத்தி வளையலைத் தள்ளிவிட்டுக்கொண்டாள். மதினி, அதாவது அண்ணாச்சியின் மனைவி, "யாரு வராதன்னு சொன்னா? வீட்டுக்கு ஆள் வேணும்னுதான சொன்னோம்" என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். உண்மைதான். வராதே என்று யாரும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லத் தேவையில்லாதபடி ஒரு காரணத்தை நாங்களே கொடுத்திருந்தோம். தாலி கட்டும் நேரத்தில் புருஷன் இல்லாதவள் முன்னால் நிற்கவேண்டாம் என்பதை வாய்விட்டுச் சொல்ல இந்தக் காலத்தில் யாருக்கும் கூச்சமாக இருக்கும். 'போலீஸே சொல்லிட்டாவ' என்றால் கூச்சம் இல்லை.

இன்ஸ்பெக்டர் என்னைத் தனியாக அழைத்து, "அறிமுகம் இல்லாத நபர்கள் என்பதால் சந்தேகம் கொண்டுன்னு எழுதிரும்மா" என்றார். நான் பேச்சியம்மாளிடம் போய்க் கேட்டேன். நீங்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதட்டுமா என்று.

"அவிய சொன்னபடியே எழுதிருங்கம்மா. நாளைக்கும் நான் இந்த வீட்லதான இருக்கணும்."

அப்படியே எழுதினேன். எது நியாயம் என்று உங்களில் யாராவது வாதாடலாம். அந்த வீட்டில் ராத்திரி படுத்துக்கொள்ளப் போகிறவள் அவள்தான், நான் இல்லை.

சில மாதம் கழித்து கடையத்தில் வேறொரு கல்யாண வீட்டில் அதே ஆட்கள் மாட்டினார்கள். மேலகரத்தைப் பற்றியும் ஒத்துக்கொண்டார்கள். முந்தின நாள் ராத்திரி வரவேற்பில் ஒருவன் புகுந்து பந்தியில் சாப்பிட்டிருக்கிறான். கைகழுவும் இடத்தில் இரண்டு பெண்கள், பாவம் பேச்சி வீட்டிலேயே இருக்கிறாள், அவளுக்கும் ஆசை இருக்காதா என்று பேசிக்கொண்டது அவன் காதில் விழுந்திருக்கிறது. எதைச் சொன்னால் அவள் கதவைத் திறப்பாள் என்று அவன் கணக்குப் போட்டது அங்கேதான்.

அதற்குப் பிறகு கூட்டங்களில் 'ஒரு ஆளை விட்டுவிட்டுப் போங்கள்' என்று சொல்வதோடு நான் நிறுத்தவில்லை. யாரை விடப்போகிறீர்கள் என்று கேட்பேன். ஒவ்வொரு விசேஷத்துக்கும் அதே ஆளையா என்று கேட்பேன். ஆம்பிளைகள் முறை வைத்து இருங்களேன், மச்சான்மார் ஒரு மணி நேரம் வந்து உட்காருங்களேன் என்பேன். சிரிப்பார்கள். தலையாட்டுவார்கள். பிறகு ரோந்து போகும்போது பார்த்தால் கிரிலுக்குப் பின்னால் ஒரு அத்தையோ, கல்யாணமாகாத அக்காவோ, மலட்டுப் பட்டம் கட்டிய மருமகளோ உட்கார்ந்திருப்பாள். நான் கேட்பதை விடவில்லை. நீங்களும் விடாதீர்கள் என்று மட்டும்தான் சொல்ல முடியும். மாறிவிடும் என்று உங்களுக்கு உறுதி கொடுக்கிற வயசு எனக்குத் தாண்டிவிட்டது.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் அந்த அண்ணாச்சி என் வீட்டுக்கு வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. மறுபடியும் கையில் பத்திரிகை.

"மகனுக்குக் கல்யாணம் மேடம். வீட்ல உக்கார நம்பிக்கையா ஒரு ஆள் வேணும். செக்யூரிட்டி மாதிரி யாராவது தெரிஞ்சா சொல்லுங்க."

"தங்கச்சி எங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "அவ கல்யாணத்துக்கு வருதா. எங்க வீட்லயும் சொல்லியாச்சு."

எனக்குத் தெரிந்த செக்யூரிட்டிகளை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன், ஒருவரையும் பிடிக்கவில்லை.

"நானே வந்து இருக்கேன் அண்ணாச்சி" என்றேன்.

அன்றைக்குக் காலையில் எல்லாரும் வேனில் ஏறிப் போனதும் கிரிலைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பேச்சியம்மாள் பிளாஸ்கில் காபி வைத்துவிட்டுப் போயிருந்தாள். கல்யாண வீடு காலியாகும்போது எப்படியிருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. மிதித்த பூ, ஈரக்கால் தடம், அவசரத்தில் அணைக்காமல் விட்ட பேன். பிரிட்ஜ் சத்தம் அவ்வளவு பெரிதாகக் கேட்கிறது. டிவியைப் போட்டேன், நிறுத்தினேன். முழங்காலை நீவிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தால் முள் நகர்ந்ததாகவே தெரியவில்லை. இப்போது மாலை மாற்றுவார்கள், இப்போது மேளம் வேகம் எடுக்கும் என்று, எனக்கு ஒட்டும் உறவும் இல்லாத கல்யாணத்தை நானே மனசுக்குள் நடத்திக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் ஆட்டோவில் முதல் ஆளாக வந்து இறங்கியது பேச்சியம்மாள்தான். கையில் எனக்குச் சாப்பாட்டுக் கேரியர். வேர்வையில் நெற்றிச் சந்தனம் வழிந்திருந்தது.

கிரிலைத் திறந்துகொண்டே கேட்டேன். "தாலி கட்டுனதப் பாத்தியளா?"

"எங்கம்மா பாக்க! வீடியோக்காரன் முதுகுதான் தெரிஞ்சுது. தடியன், குறுக்க வந்து நின்னுட்டான். ஏலே நவுருலேன்னு சொல்லதுக்குள்ள கெட்டிமேளம் கொட்டிட்டானுவ." அவளுக்குச் சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. கேரியரைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அடுத்த வருஷம் சின்னவ கல்யாணம் இருக்குலா" என்றாள், மூச்சு வாங்கியபடி. "அன்னைக்கு வெள்ளனயே போயி முதல் வரிசையில உக்காந்துக்கிடுவேன். எவன் குறுக்க வருதான்னு பாக்கேன்."

அடுக்களையில் இருந்து வாழையிலை ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தாள்.